குருத்வாராவுக்கு முதன்முறை வருபவர்களுக்கும் அவர்களை வரவேற்பவர்களுக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தில்லிக்கு வேலை நிமித்தம் குடிவந்த தமிழ்க் குடும்பங்களும், அமிர்தசரஸுக்குச் சுற்றுலா புறப்படும் உறவினர்களும் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்டுவரும் கேள்விகள் இவை. சீக்கிய நண்பர்கள் சிலர், ‘உங்கள் ஊர்க்காரர்கள் ஏன் வாசலிலேயே தயங்கி நிற்கிறார்கள்?’ என்று கேட்டதற்கான விடையும் பிற்பகுதியில் இருக்கிறது. நான் சீக்கியன் அல்லன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குருத்வாராவின் பாத்திரம் கழுவும் தொட்டியருகே நிற்பவன் என்பதைத் தவிர இவற்றுக்கு விடை சொல்ல எனக்கு வேறு தகுதி இல்லை. முதல் நாள் வாசலில் தயங்கி நின்ற அனுபவம் மட்டும் எனக்கும் உண்டு.

சீக்கியர் அல்லாதவர் உள்ளே வரலாமா? யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா?

வரலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஐந்தாம் குருவான குரு அர்ஜன் தேவ் அமிர்தசரஸில் எழுப்பிய ஹர்மந்திர் சாஹிப்புக்கு, அதாவது நாம் பொற்கோயில் என்று அழைக்கும் இடத்துக்கு, நான்கு திசைகளிலும் நான்கு வாயில்கள் உள்ளன. இந்த உபதேசம் நான்கு வருணத்தாருக்கும் பொதுவானது என்று அவரே பாடியும் இருக்கிறார். வாசலில் உங்கள் பெயரையோ மதத்தையோ சாதியையோ கேட்டு நிறுத்துபவர் எவரும் இருக்கமாட்டார். ‘சீக்’ என்ற சொல்லுக்கு மாணவன் என்பதே பொருள். நம்முடைய ‘சீடன்’ என்ற சொல்லும் அந்தச் சொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

வாசலில் என்னென்ன செய்ய வேண்டும்?

காலணிகளைக் கழற்றி, ‘ஜோடா கர்’ என்று அழைக்கப்படும் காலணிக் காப்பகத்தில் கொடுத்துவிட்டு டோக்கன் பெற்றுக்கொள்ள வேண்டும். கைகால்களைக் கழுவிக்கொள்ள வேண்டும். பெரிய குருத்வாராக்களில் நுழைவாயிலிலேயே ஆழமற்ற நீர்த்தொட்டி ஒன்று இருப்பதால், அதைக் கடக்கும்போது கால்கள் தாமாகவே நனைந்துவிடும். சிகரெட், பீடி, புகையிலை, மது ஆகியவற்றைப் பையில்கூட வைத்திருக்கக் கூடாது. இதில் மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது.

ஆண், பெண் இருபாலரும் தலையை மூடியிருக்க வேண்டும். துப்பட்டா, சேலைத் தலைப்பு, பெரிய கைக்குட்டை என எதுவும் போதும். தொப்பியைவிடத் துணியே விரும்பப்படுகிறது. ஒன்றும் கொண்டுவராதவர்களுக்காக வாசலருகே ஒரு கூடையில் காவி நிறத் துணிகள் வைக்கப்பட்டிருக்கும். பட்டுச் சேலைத் தலைப்பு வழுக்கிக்கொண்டே இருக்கும் என்பதால், தமிழ்ப் பெண்கள் கூந்தல் ஊசி ஒன்றைக் கையோடு கொண்டுவருவது நல்லது.

உள்ளே சென்றதும் யாரும் என்னை வரவேற்கவில்லை. அது இயல்பா?

முதன்முறை வந்தவர்கள் பலரும் சற்று மனவருத்தத்தோடு சொல்லும் செய்தி இதுதான். கைகூப்பி அழைத்து, நலம் விசாரித்து, நாற்காலி போட்டு அமர்த்துவதையே நாம் வரவேற்பு என்று கருதிப் பழகியிருக்கிறோம். குருத்வாராவின் தரிசனக் கூடத்தில் அப்படி எதுவும் நடக்காது. தரையில் விரித்த ஜமுக்காளத்தில் இருநூறு பேர் அமர்ந்திருக்க, நீங்கள் நுழைவதை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார். நீங்கள் அமர முற்படும்போது, பக்கத்தில் இருப்பவர் தம் முழங்காலைச் சிறிது ஒடுக்கிக்கொள்வார். அவ்வளவுதான் வரவேற்பு.

இதை அலட்சியம் என்றுதான் நானும் முதலில் எடுத்துக்கொண்டேன். ‘நீங்கள் யார்?’ என்ற கேள்வி இல்லாமலேயே ஒருவருக்கு இடம் கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்தின்மேல்தான் அந்தக் கூடமே அமைக்கப்பட்டிருக்கிறது என்பது புரிய எனக்குச் சில மாதங்கள் ஆயின. விசாரித்துத்தான் வரவேற்க வேண்டும் என்றால், விசாரணைக்குச் சரியான விடை சொல்ல முடியாதவர், சொல்ல விரும்பாதவர் எல்லாரும் வெளியிலேயே நின்றுவிடுவார்கள். எனினும் இதற்கு ஒரு குறையும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மேடையில் விதானத்தின் கீழ் இருப்பது என்ன? நான் அதை வணங்கியாக வேண்டுமா?

அது குரு கிரந்த சாஹிப், சீக்கியரின் புனித நூல். பத்தாம் குருவான குரு கோவிந்த் சிங் 1708-இல் நாந்தேட் நகரில் மறைவதற்கு முன், தமக்குப் பிறகு மனிதர் எவரும் குருவாக இருக்கமாட்டார், இந்த நூலே குரு என்று நிறுவிச் சென்றார். ஆகவே வாழும் குருவுக்கு உரிய மதிப்பு அதற்குத் தரப்படுகிறது. விடியற்காலையில் அது திறக்கப்படுகிறது, இரவில் போர்த்தப்பட்டு ஓய்வறைக்கு எடுத்துச் செல்லப்படுகிறது, பின்னால் ஒருவர் நின்று வெண்சாமரம் வீசுகிறார்.

சீக்கியர்கள் முன்னே சென்று நெற்றி நிலத்தில் படும்படி வணங்குவார்கள். நீங்களும் அவ்வாறே செய்யலாம், கைகூப்பி மட்டும் நிற்கலாம், அல்லது நேரே ஓரமாகச் சென்று அமர்ந்துவிடலாம், எவரும் கட்டாயப்படுத்தமாட்டார்கள். அமர்ந்த பிறகு நூல் இருக்கும் திசையில் காலை நீட்டக் கூடாது. சம்மணமிட்டு அமர்வது நமக்குப் புதிதல்ல என்பதால் இதில் தமிழர்களுக்குச் சிரமம் இராது.

கற்பூரத் தட்டு வரும், திருநீறு தருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். வானமே தட்டு, ஞாயிறும் திங்களும் அதில் ஏற்றிய விளக்குகள், விண்மீன்கள் பரப்பிய முத்துகள் என்று முதல் குருவான குரு நானக் பாடிய ஆரத்திப் பாடல் ஒன்று உண்டு. பூரி ஜகந்நாதர் கோயிலில் தீபாராதனை நடந்தபோது அவர் அதைப் பாடினார் என்பது மரபு. அந்தப் பாடலைத் தெரிந்துகொண்டபின், தட்டு இல்லாத அந்த மேடை எனக்கு வெறுமையாகத் தோன்றவில்லை.

பாடுவது ஒன்றும் புரியவில்லை. அமர்ந்திருப்பதில் பயன் உண்டா?

உண்டு என்றே நினைக்கிறேன், ஏனெனில் புரிவதற்கு முன்பே கேட்க வேண்டிய பாடல்கள் அவை. பொதுவாக இருவர் ஆர்மோனியம் வாசித்துப் பாட, ஒருவர் தபலா வாசிப்பார்; பாடுபவரை ‘ராகி’ என்பார்கள். குரு அர்ஜன் தேவ் 1604-இல் தொகுத்த நூலின் விரிவான வடிவமே இன்றைய 1430 பக்கங்கள் கொண்ட குரு கிரந்த சாஹிப். அதன் பெரும்பகுதி 31 ராகங்களின்கீழ் அடுக்கப்பட்டிருக்கிறது. தேவாரத்தைப் பண்முறையில் அடுக்கி வைத்த நமக்கு இந்த ஏற்பாடு உடனே பிடிபடும். அதிலுள்ள சில பகுதிகளின் தலைப்பில் ‘தக்ஷணீ’ என்ற அடைமொழி இருக்கிறது. தென்திசைக்குரியது என்பது அதன் பொருள்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். அந்த நூலில் சீக்கிய குருமார்களின் பாடல்கள் மட்டும் இல்லை. நெசவாளரான கபீர், தோல் தொழிலாளரான ரவிதாஸ், மராட்டியத் தையற்காரரான நாமதேவர், சூஃபி ஞானியான ஷேக் ஃபரீத் முதலியோரின் பாடல்களும் இருக்கின்றன. சீக்கிய மரபுக்கு வெளியே வாழ்ந்தவர்களின் சொற்களை உள்ளே எடுத்துவந்து, அந்த நூலையே குருவாக அமர்த்தி, அதற்குத் தலைவணங்குகிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், வெளியாரை அந்தச் சமூகம் எப்படிப் பார்க்க விரும்பியது என்பது விளங்கும்.

எல்லாரும் திடீரென்று எழுந்து நிற்கிறார்களே, அது எதற்காக? பிறகு தரும் இனிப்பை மறுக்கலாமா?

அது ‘அர்தாஸ்’ என்னும் கூட்டு வேண்டுதல். நீங்களும் எழுந்து கைகூப்பி நிற்பது மரியாதை. அதன் இறுதி வரி அனைவரின் நன்மையையும் வேண்டி முடிகிறது. அந்த ‘அனைவர்’ என்ற சொல்லில் சீக்கியர் அல்லாதவரும் அடக்கம். அதன்பின் நூலைத் திறந்து, கண்ணில் படும் பாடல் அன்றைய ஆணையாக வாசிக்கப்படும். அதற்கு ‘ஹுக்கம்நாமா’ என்று பெயர்.

இனிப்பின் பெயர் ‘கடாஹ் பிரசாதம்’. கோதுமை மாவு, சர்க்கரை, நெய் மூன்றையும் சம எடையில் சேர்த்துக் கிளறுவது. அமர்ந்தபடியே இரு உள்ளங்கைகளையும் குவித்து நீட்டிப் பெற்றுக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ‘தோடா’ என்றால் சிறிதளவே தருவார்கள். முற்றிலும் வேண்டாம் என்றால் கைகூப்பிவிடலாம், ஆனால் வாங்கிவிட்டு வீணாக்குவது தவறு. கையில் ஒட்டிய நெய்யை எங்கே துடைப்பது என்று பலர் கேட்கிறார்கள். எங்கும் துடைப்பதில்லை, இரு கைகளையும் தேய்த்துக்கொள்வதுதான் வழக்கம். தில்லிக் குளிர்காலத்தில் அதுவும் ஒரு நன்மையே.

லங்கரில் சாப்பிட வேண்டுமா? எனக்கு வசதியிருக்கும்போது இலவச உணவு உண்பது சரியா?

இந்தத் தயக்கம் நடுத்தரக் குடும்பத்துத் தமிழர்களிடம் மிகுதி. குருத்வாராவின் பொதுப் பந்தியான லங்கரை அன்னதானம் என்று மொழிபெயர்ப்பதால் வரும் குழப்பம் இது. தானம் என்றால் கொடுப்பவர் மேலே, பெறுபவர் கீழே என்ற நிலை வந்துவிடுகிறது. லங்கரில் கொடுப்பவரும் அதே வரிசையில் அதே தரையில் அமர்ந்து அதே பருப்பை உண்கிறார். அங்கே உணவைவிட வரிசைதான் முக்கியம். அந்த வரிசைக்குப் ‘பங்கத்’ என்று பெயர். நம்முடைய ‘பந்தி’ என்ற சொல்லும் அதுவும் ‘பங்க்தி’ என்ற ஒரே வடசொல்லின் பிள்ளைகள். ‘பந்திவஞ்சனை’ என்றொரு சொல்லே நம்மிடம் இருக்கிறது: ஒரே பந்தியில் ஒருவருக்கு ஒன்றும் மற்றவருக்கு வேறொன்றும் பரிமாறும் குற்றத்தைக் குறிப்பது. அந்த வஞ்சனையை ஒழிக்க எழுந்த பந்தி என்று லங்கரைப் புரிந்துகொண்டால் போதும்.

மூன்றாம் குருவான குரு அமர் தாஸ், தம்மைக் காண வருபவர் எவராயினும் முதலில் பந்தியில் அமர்ந்து உண்ட பிறகே சந்திக்க வேண்டும் என்று கோயிந்த்வாலில் விதித்திருந்தார். பேரரசர் அக்பரும் அவ்வாறே தரையில் அமர்ந்து உண்டார் என்று சீக்கிய மரபு சொல்கிறது. இரண்டாம் குருவின் துணைவியான மாதா கீவி லங்கரை நடத்தியதும், நெய் சேர்த்த பாயசம் பரிமாறியதும் குரு கிரந்த சாஹிப்பிலேயே பாடப்பட்டிருக்கின்றன. சமையலறையில் உழைத்த ஒரு பெண்ணின் பெயரைப் புனித நூலில் காண்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

நடைமுறை எளியது. தட்டு வாங்கி, வரிசையில் இடைவெளி விடாமல் அமர வேண்டும். ரொட்டியை இரு கைகளையும் ஏந்திப் பெற வேண்டும். தட்டைக் காட்டி ‘இதில் போடுங்கள்’ என்று சொல்வது அங்கே மரியாதைக் குறைவு. உணவு எப்போதும் சைவம்தான். எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம், ஆனால் மீதம் வைக்கக் கூடாது. தலைத்துணி சாப்பிடும்போதும் தலையில் இருக்க வேண்டும்.

முழங்கால் வலி உள்ளவர்கள் தரையில் எப்படி அமர்வது?

பல இடங்களில் முதியவர்களுக்காகச் சுவரோரம் நாற்காலியோ விசுப்பலகையோ போட்டிருப்பார்கள், தயங்காமல் கேட்கலாம். ஆனால் எல்லாருக்கும் மேசை நாற்காலி என்பது வேறு விவகாரம். கனடாவின் சில குருத்வாராக்களில் லங்கர் கூடத்தில் மேசை நாற்காலி போடும் வழக்கம் பெரிய சச்சரவாக வளர்ந்து, தரையில் அமர்ந்தே உண்ண வேண்டும் என்று அமிர்தசரஸில் உள்ள, சீக்கியரின் உயர் சமய அதிகார பீடமான அகால் தக்த் 1998-இல் ஆணையிடும் அளவுக்குச் சென்றது. நாற்காலிக்கா இத்தனை சண்டை என்று கேட்கத் தோன்றும். தரையிலிருந்து எத்தனை அங்குல உயரத்தில் ஒருவர் அமர்கிறார் என்பதை வைத்தே மனிதரைத் தரம் பிரித்த நாட்டில் வளர்ந்தவனுக்கு அந்தச் சண்டையின் காரணம் விளங்காமல் போகாது.

காணிக்கை எவ்வளவு செலுத்த வேண்டும்?

எதுவும் கட்டாயமில்லை. விரும்பினால் உண்டியலில் போடலாம்.

சேவை செய்ய விரும்புகிறேன். யாரிடம் பெயர் கொடுக்க வேண்டும்?

பெயர் கொடுக்க வேண்டியதே இல்லை என்பதுதான் இதில் சிறப்பு. லங்கர் கூடத்துக்குச் சென்று, பூண்டு உரிப்பவர்கள் நடுவே அமர்ந்து ஒரு பூண்டை எடுத்தால் நீங்கள் சேவாதார் ஆகிவிட்டீர்கள். ரொட்டி தேய்க்கலாம், பரிமாறலாம், தண்ணீர் ஊற்றலாம், தரை துடைக்கலாம், காலணிக் காப்பகத்தில் பிறர் செருப்புகளை வாங்கி அடுக்கலாம். முதல் நாளில் ரொட்டி தேய்க்க முயல வேண்டாம் என்பது என் அறிவுரை. பஞ்சாபிப் பாட்டிமார்கள் உங்கள் ரொட்டியின் வடிவத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரிப்பார்கள். அதில் கொஞ்சமும் கெட்ட எண்ணம் இராது என்றாலும் புதியவருக்குக் கூச்சமாக இருக்கும். பாத்திரம் கழுவும் தொட்டியே சிறந்த தொடக்கம். அங்கே மொழி தேவையில்லை, நுட்பமும் தேவையில்லை. நீர் ஓடும் சத்தத்தில் யாரும் கேள்வி கேட்கவும் முடியாது.

காலணிக் காப்பகத்தில் நிற்பவர் ஒருவேளை பெரிய வணிகராகவோ நீதிபதியாகவோ இருக்கலாம். அவர் உங்கள் செருப்பை வாங்கும்போது பதறிக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டாம். அதைத் தொடுவதற்காகவே அவர் அங்கே வந்திருக்கிறார்.

எப்படிப் பேச வேண்டும்? எப்படி அழைப்பது?

‘சத் ஸ்ரீ அகால்’ என்பது எல்லாருக்கும் பொருந்தும் வணக்கம். பெயருடன் ‘ஜி’ சேர்த்தால் மரியாதை. பெயர் தெரியாத ஆணை ‘வீர்ஜி’ என்றும் பெண்ணைப் ‘பெஹன்ஜி’ என்றும் அழைக்கலாம். நம் அண்ணன், அக்கா போலத்தான். நூலை வாசிப்பவர் ‘கிரந்தி’. அவரைப் ‘பாய் சாஹிப்’ அல்லது ‘கியானிஜி’ என்பார்கள். பூசாரி என்று சொல்ல வேண்டாம், சீக்கிய நெறியில் பூசாரி வகுப்பு இல்லை.

செய்யக் கூடாதவற்றில் ஒன்றை வெளிப்படையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் வார இதழ்களில் ஒரு காலத்தில் ‘சர்தார்ஜி ஜோக்’ என்றொரு துணுக்கு வகை கொடிகட்டிப் பறந்தது. அதை வாசித்து வளர்ந்த நம்மில் சிலர், நெருக்கத்தைக் காட்டுவதாக நினைத்துக்கொண்டு அவற்றைச் சீக்கியரிடமே சொல்கிறார்கள். எதிரில் இருப்பவர் சிரித்துவைப்பார்; சிரித்துப் பழகியவர்கள் அவர்கள். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தலைப்பாகையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்பதும் இந்த வகையைச் சேர்ந்ததே.

இடுப்பில் வாள் அணிந்திருக்கிறார்களே, அச்சப்பட வேண்டாமா?

வேண்டாம். அது ‘கிர்பான்’. அம்ரித் தீட்சை பெற்றவர்கள் எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டிய ஐந்து அடையாளங்களில் ஒன்று. மற்றவை வெட்டாத முடி, மரச்சீப்பு, இரும்பு வளை, ‘கச்சேரா’ என்னும் அரைக்கால் உள்ளாடை. கிர்பான் அணிவதும் ஏந்துவதும் சீக்கிய சமயத்தைப் பின்பற்றுவதில் அடங்கும் என்று இந்திய அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவின் விளக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. உருவிக் காட்டச் சொல்லிக் கேட்பது மட்டும் வேண்டாம்.

பெண்களுக்குத் தனி விதிகள் உண்டா? மாதவிலக்கு நாட்களில் வரலாமா?

வரலாம், வாசலில் அப்படியொரு தடை இல்லை. பிறப்பு இறப்புத் தீட்டு என்ற கருத்தையே ‘ஆசா தி வார்’ என்னும் பாடல் தொகுப்பில் குரு நானக் மறுத்திருக்கிறார். அரசர்கள் எவளிடமிருந்து பிறக்கிறார்களோ அவளை ஏன் இழித்துப் பேச வேண்டும் என்று கேட்டதும் அதே தொகுப்பில்தான். ஆணும் பெண்ணும் தனித்தனிப் பக்கங்களில் அமர்வதைப் பார்ப்பீர்கள்; அது வழக்கம். பெண்கள் கிரந்த வாசிப்பு செய்யலாம், கீர்த்தனம் பாடலாம்.

இருந்தும், ஹர்மந்திர் சாஹிப்பின் உட்கூடத்தில் பெண்கள் கீர்த்தனம் பாடும் உரிமை நெடுங்காலக் கோரிக்கையாகவே நீடித்துவந்திருக்கிறது. 2019-இல் பஞ்சாப் சட்டமன்றமே அதை வலியுறுத்தித் தீர்மானம் நிறைவேற்றியது. குருவின் சொல்லுக்கும் நடப்புக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியைச் சீக்கியப் பெண்களே உரக்கப் பேசுகிறார்கள்.

சீக்கியரிடையே சாதி இல்லை என்பது உண்மையா?

கொள்கையில் இல்லை, வாழ்க்கையில் இருக்கிறது. பஞ்சாபின் பல சிற்றூர்களில் தலித் சீக்கியருக்குத் தனிக் குருத்வாராக்களும் தனிச் சுடுகாடுகளும் இருப்பதை எவரும் மறுக்க முடியாது. புதிதாக வருபவரிடம் இதை மறைப்பது நேர்மையன்று.

ஆனால் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. 1920 அக்டோபர் 12 அன்று, ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து புதிதாக அம்ரித் பெற்றவர்கள், கால்சா கல்லூரிப் பேராசிரியர்களும் மாணவர்களும் உடன்வர, கடாஹ் பிரசாதம் ஏந்தி ஹர்மந்திர் சாஹிப்புக்குச் சென்றார்கள். நெறியில் இடமில்லாதபோதும் அன்று அங்கே இருந்த பூசாரிகள் அந்தப் பிரசாதத்தை ஏற்கவும் அவர்களுக்காக அர்தாஸ் செய்யவும் மறுத்தார்கள். நெடிய வாக்குவாதத்துக்குப் பின், குரு கிரந்த சாஹிப்பையே திறந்து கேட்டுவிடலாம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. திறந்தபோது கிடைத்த பாடல், குணமற்றவர்களையும் இறைவன் தானே மன்னித்துச் சத்குருவின் சேவையில் சேர்த்துக்கொள்கிறான் என்று தொடங்கியது. பிரசாதம் ஏற்கப்பட்டது. அங்கிருந்து அவர்கள் அகால் தக்துக்கு வந்தபோது, அங்கே பொறுப்பிலிருந்த பூசாரிகள் இடத்தைவிட்டே அகன்றுவிட்டார்கள். அடுத்த மாதமே, குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி உருவானது. சீக்கியக் கோயில்களின் நிர்வாகத்தையே மாற்றிய இயக்கத்தின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று, புதியவர்கள் கொண்டுவந்த ஒரு தட்டு இனிப்பை வாங்குவதா வேண்டாமா என்ற கேள்வி.

அடிக்கடி வந்தால் மதம் மாறச் சொல்வார்களா? நானே சீக்கியராக விரும்பினால்?

இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. விரும்புபவர்களுக்கு வழி உண்டு. 1945-இல் ஏற்கப்பட்ட ‘சீக் ரெஹத் மர்யாதா’ என்னும் நடத்தை நெறி, ஒரே இறைவன், பத்துக் குருமார்கள், குரு கிரந்த சாஹிப், குருமார்களின் போதனை, பத்தாம் குரு அருளிய அம்ரித் ஆகியவற்றில் நம்பிக்கை கொண்டு, வேறு சமயத்தைச் சாராதவரே சீக்கியர் என்று வரையறுக்கிறது. அம்ரித் பெறுவது அதன் முழுமையான உறுதிமொழி. இரும்புக் கிண்ணத்து நீரில் சர்க்கரை வில்லைகளைப் போட்டு, இருபுறமும் கூருள்ள வாளால் கலக்கியபடி ஐந்து வேண்டுதல்களை ஓதி, ‘பஞ்ச் பியாரே’ எனப்படும் ஐவர் அதை வழங்குவர். குரு கோவிந்த் சிங் 1699-இல் பஞ்சாபின் ஆனந்த்பூரில் முதன்முறை இதை நடத்தியபோது தலைகொடுக்க முன்வந்த ஐவருள் ஒருவர், தெற்கே பீதரிலிருந்து சென்ற, முடிதிருத்தும் குலத்தைச் சேர்ந்த சாஹிப் சந்த் என்பது மரபு.

அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. முடி வெட்டுவதில்லை, புகையிலை இல்லை, நாள்தோறும் குறித்த வேண்டுதல்கள் என வாழ்க்கை முழுவதையும் தொடும் உறுதிமொழி அது. உணர்ச்சிவேகத்தில் முதல் மாதமே எடுத்தவர்களைவிட, ஐந்தாறு ஆண்டுகள் பாத்திரம் கழுவிவிட்டு எடுத்தவர்களிடம் அது நிலைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

குர்முகி எழுத்து கற்க வேண்டுமா?

வருவதற்கு வேண்டியதில்லை, வாசிப்பதற்கு வேண்டும். குரு கிரந்த சாஹிப் எழுதப்பட்ட, இரண்டாம் குருவான குரு அங்கத் ஒழுங்குபடுத்திய அந்த எழுத்து முறையின் அடிப்படை எழுத்துகள் 35. க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் நான்கு ஒலி வேறுபாடுகள் இருப்பதுதான் தமிழருக்குத் தடை. ஒரு மாதத்தில் பழகிவிடும்.

நாங்கள் ஏற்கெனவே ‘சங்கத்’ எனப்படும் குருத்வாரா சபையில் இருப்பவர்கள். புதியவரை எப்படி வரவேற்பது?

இனி, முன்னர் சொல்லாமல் விட்ட குறைக்கு வருகிறேன். கேள்வி கேட்காமல் இடம் தரும் மரபு உயர்ந்தது; ஆனால் ஏன், எதற்கு என்று புதியவருக்குப் புரியும் மொழியில் சொல்லாமலே விதிகளை மட்டும் அமல்படுத்துவது அந்த மரபைக் குலைக்கிறது. எனக்குத் தெரிந்த தமிழ்ப் பெண் ஒருவர் முதன்முறை வந்த அன்று, தலைத்துணி இருமுறை நழுவியதற்காக ஒருவர் பலர் முன்னிலையில் பஞ்சாபியில் கடிந்துகொண்டார். அவர் சொன்னது ஒரு சொல்கூடப் புரியவில்லை, கடிந்தது மட்டும் புரிந்தது. அந்தப் பெண் பிறகு வரவே இல்லை. பக்கத்திலிருந்த யாராவது ஒரு கூந்தல் ஊசியை நீட்டியிருந்தால் அன்றே முடிந்திருக்க வேண்டிய செய்தி அது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. புதியவர் வந்துவிட்டார் என்ற மகிழ்ச்சியில் நான்கு பேர் சூழ்ந்துகொண்டு, பத்துக் குருமார்களின் வரலாற்றையும் ஒரே மூச்சில் சொல்லி, கையில் ஐந்து சிறுநூல்களைத் திணித்து அனுப்புவது. ஒரு நாளைக்கு ஒன்று போதும். இன்று பிரசாதத்தை எப்படி வாங்குவது என்று காட்டுங்கள். அவர் மறுபடி வந்தால் அர்தாஸின் பொருளைச் சொல்லலாம். லங்கரில் அவர் பக்கத்தில் அமர்ந்து சாப்பிடுங்கள், எதிரில் நின்று கவனிக்க வேண்டாம். ஊரைக் கேட்கலாம், ஆனால் குலப்பெயர் என்ன என்று கேட்க வேண்டாம். சிங், கௌர் என்ற பெயர்கள் வந்ததே அதை மறப்பதற்காகத்தான். முடிந்தால் அவர் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். விருந்தாளியாக நடத்தப்படுபவர் விருந்தாளியாகவே திரும்பிவிடுவார். வெங்காயம் நறுக்கியவருக்கு அடுத்த வாரம் வர ஒரு காரணம் இருக்கும்.

சீக்கியப் புலவரான பாய் குருதாஸ் தம் பாடலில் பதிவு செய்த முல்தான் நிகழ்ச்சி சீக்கியர் அனைவரும் அறிந்தது. குரு நானக் ஊருக்குள் வரும் முன்பே ‘பீர்’ எனப்படும் அவ்வூரின் சூஃபி ஞானிகள் பால் ததும்பும் கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இங்கே ஞானிகள் நிரம்பியிருக்கிறார்கள், இனி ஒருவருக்கு இடமில்லை என்பது குறிப்பு. அவர் ஒரு மல்லிகைப் பூவை எடுத்து அந்தப் பாலின்மேல் மிதக்கவிட்டார். ஒரு துளியும் சிந்தவில்லை. பெரும்பாலும் பூவின் பெருமையைச் சொல்லவே இந்தக் கதை எடுத்தாளப்படுகிறது. எனக்கோ அந்தக் கிண்ணத்தை ஏந்திவந்தவர்கள்மேல்தான் கண் போகிறது. இருபது ஆண்டுகளாக ஒரே இடத்தில் அமர்ந்து, ஒரே நண்பர்களோடு பேசி, ஒரே மூலையில் ரொட்டி தேய்க்கும் எந்தக் குழுவும், தான் அறியாமலேயே அந்தக் கிண்ணத்தை ஏந்தத் தொடங்கிவிடுகிறது. எங்கள் பாத்திரத் தொட்டிக் குழுவும் அதற்கு விலக்கன்று.

தமிழ்நாட்டிலேயே குருத்வாராக்கள் உண்டா?

சென்னை தியாகராய நகரில் ஜி.என். செட்டி சாலையில் ஒன்று உள்ளது. குரு நானக்கின் தென்திசைப் பயண நினைவாக இராமேசுவரத்திலும் ஒன்று உள்ளது. அவர் அங்கிருந்து இலங்கை வரை சென்றதாக ‘ஜனம்சாகி’ என்னும் வாழ்க்கைக் கதைகள் கூறுகின்றன. கர்நாடகத்தின் பீதரில், நன்னீர் ஊற்றை ஒட்டி அமைந்த நானக் ஜீரா சாஹிப் தென்னிந்தியாவில் புகழ்பெற்றது.

புறப்படும்போது யாரிடமாவது சொல்லிக்கொண்டு போக வேண்டுமா?

வேண்டியதில்லை. வாசலில் எடுத்த தலைத்துணியை அதே கூடையில் போட்டுவிடுங்கள். காலணிக் காப்பகத்தில் டோக்கனை நீட்டினால் செருப்பு வரும். சில நாட்களில் அது துடைக்கப்பட்டும் வரும்.